மனோஜ்-ஞான் பாட்டும் அண்ணனோட மைக் செட்டும்

மல்லிகை விலை, கிணத்துத் தண்ணி, ஆட்டுக்கு வந்த நோய்னு எழுதிக்கிட்டு இருக்கிறவன் இன்னைக்கு சினிமாப் பாட்டைப் பத்தி எழுதப் போறேன். வெள்ளாமைச் சேதி தேடி வந்தவங்க கோவிச்சுக்க வேணாம், அது அடுத்த வாரம்.

ஊமை விழிகள், உழவன் மகன், செந்தூரப்பூவே. இந்த மூணு படத்துப் பாட்டும் எங்க உசிலம்பட்டிப் பக்கம் இன்னைக்கும் மினி பஸ்ஸுல, கல்யாண வீட்டுல ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. யார் இசைன்னு கேட்டுப் பாருங்க. பாதிப் பேர் யோசிக்காம இளையராஜான்னு சொல்லுவாங்க. மீதிப் பேர் "கேப்டன் பாட்டுங்க"ன்னு முடிச்சிருவாங்க. 2023 டிசம்பர் 28ஆம் தேதி விஜயகாந்த் காலமானப்ப எங்க ஊர் டீக்கடையில நாள் முழுக்க இந்தப் பாட்டுதான். கண்ணு கலங்கி நின்னவங்கள்ல ஒருத்தருக்குக்கூட பாட்டுப் போட்ட ஆள் பேரு தெரியலை.

ராசா மேல எனக்கு மரியாதை உண்டு. பண்ணைப்புரத்துக்காரர், எங்களுக்குப் பக்கத்து ஆளு. ஆனா இந்த மூணு படமும் அவர் போட்டது இல்ல. மனோஜ் பட்நாகர், ஞான் வர்மான்னு ரெண்டு பேர். படத்துல 'மனோஜ்-ஞான்'னு சேர்த்துப் போடுவாங்க. பேரைப் பார்த்தா வடக்கத்தி ஆட்கள். பாட்டைக் கேட்டா நம்ம ஆட்கள்.

ஊமை விழிகள் 1986 ஆகஸ்ட் 15ல வந்துச்சு. ஆபாவாணன், அரவிந்தராஜ்னு திரைப்படக் கல்லூரியில படிச்ச பசங்க எடுத்த படம். நான் அந்த வருசந்தான் பத்தாவது முடிச்சிருந்தேன். எங்க அண்ணன் என்னைவிட நாலு வயசு மூத்தவர். ஒரு கூட்டாளியோட சேர்ந்து மைக் செட் வச்சிருந்தார். காதுகுத்து, சடங்கு, கோயில் கொடைன்னா அண்ணன்தான் குழாய் கட்டுவார். தேனி ரோட்டுல கேசட் கடையில பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுத்தா, 60 நிமிஷ கேசட்டுல பதிஞ்சு குடுப்பாங்க. ஊமை விழிகள் கேசட் வந்த நாள்ல இருந்து அண்ணன் வேற எதையும் முதல்ல போட்டது கிடையாது.

அதுக்கு ஒரு காரணம் சொல்லுவார். குழாயில அடிச் சத்தம் வராது. தபேலா, பேஸ் கிட்டார் எல்லாம் பாதி காணாமப் போயிரும். மேல் சத்தந்தான் காட்டைத் தாண்டிப் போகும். மனோஜ்-ஞான் பாட்டுல கீபோர்டு மணி அடிச்ச மாதிரி வந்து விழும், மிஷின் டிரம் கல்லுல சுத்தியல் வச்ச மாதிரி விழும். வேப்பமரத்துல கட்டுன குழாய்ல இருந்து அந்தச் சத்தம் மட்டும் தேயாம ரெண்டு மைல் போகும். களை எடுத்துக்கிட்டு இருக்கிற பொம்பளைகள் தலையைத் தூக்கி "உம்ம மகன் பாட்டுப் போட்டுட்டாரு"ன்னு ஆத்தாகிட்ட சொல்லுவாங்க.

அந்தச் சத்தம் அந்தக் காலத்துல உலகம் பூராவுமே இருந்திருக்கு. 1983ல யமஹா கம்பெனிக்காரங்க டிஎக்ஸ்7னு ஒரு கீபோர்டு கொண்டு வந்தாங்க. மணிச் சத்தத்துக்குப் பேர் போனது. என் தங்கச்சி மகன் பெங்களூர்ல வேலை பார்க்கிறான். அவன்தான் சொன்னான், "மாமா, நீங்க ரசிக்கிறதுக்கு வெளிநாட்டுல சிந்த்-பாப்னு பேரு"ன்னு. இங்கிலாந்துல பெட் ஷாப் பாய்ஸ்னு ரெண்டு பேர், அவங்க முதல் ஆல்பம் 'ப்ளீஸ்' அதே 1986ல வந்துருக்கு. போன்ல காட்டினான். ஒருத்தர் பாடுறார், இன்னொருத்தர் கீபோர்டு முன்னாடி அசையாம நிக்கிறார். அங்க அந்த ரெண்டு மூஞ்சியும் உலகத்துக்கே தெரியும். இங்க நம்ம ரெண்டு பேருக்கு மூஞ்சி விஜயகாந்த், குரல் வேற யாரோ.

குரல்னு சொன்னேன்ல, அங்கதான் எனக்கு இவங்க மேல பிரியம் அதிகம். மிஷின் சத்தத்தோட புதுக் குரலைச் சேர்க்கிறது லேசு. இவங்க பழைய குரலைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. ஊமை விழிகள்ல 'தோல்வி நிலையென நினைத்தால்' பாட்டைப் பாடினது பி.பி.ஸ்ரீநிவாஸ், கூட ஆபாவாணன். எங்க அய்யா காலத்துல ஜெமினி கணேசனுக்குப் பாடின குரல். சுத்தி மிஷின் சத்தம் கேக்குது, நடுவுல அந்தக் குரல் தாத்தா மாதிரி நிதானமா நிக்குது. அதனாலதான் அந்தப் பாட்டு இன்னும் பள்ளிக்கூட விழாவுல, மேடையில போடுறாங்கன்னு நினைக்கிறேன். வயசான ஆள் சொன்னாத்தான் அந்தச் சேதி எடுபடும்.

'மாமரத்துப் பூவெடுத்து' பாட்டு எஸ்.என்.சுரேந்தரும் சசிரேகாவும் பாடினது. சுரேந்தர், நடிகர் மோகனுக்குப் பின்னணி பேசினவர், விஜய்க்குத் தாய்மாமன். இது பேய்ப்பட மாதிரி பயமுறுத்துற படத்துக்குள்ள இருக்கிற காதல் பாட்டு. சந்தோசமான மெட்டுதான், ஆனா எங்கேயோ லேசா ஒரு குளிர் இருக்கும். அந்தக் குளிர் கீபோர்டுல இருந்து வருதுன்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் பிடிபட்டுச்சு.

அதே வருசம் தீபாவளிக்குப் புன்னகை மன்னன் வந்துச்சு, அதுல ராசா கம்ப்யூட்டர் இசையை வச்சு ஊரைக் கலக்கினார். அது பெரிய வேலை, மறுக்கலை. அதுக்கு ரெண்டரை மாசம் முன்னாடியே எங்க வேப்பமரத்துக் குழாய்ல இந்தச் சத்தம் வந்துருச்சுங்கிறதை மட்டும் சொல்லிக்கிறேன்.

அடுத்து உழவன் மகன். 1987 தீபாவளி. அன்னைக்கு நாயகனும் மனிதனும்கூட ரிலீஸ். கமலுக்கு ராசா, ரஜினிக்குச் சந்திரபோஸ், நடுவுல இவங்க ரெண்டு பேரும் நின்னாங்க. எங்க ஊருக்கு எந்தப் படம் முக்கியம்னு நான் சொல்லணுமா? பேருலயே உழவன் இருக்கு, ரேக்ளா ரேஸ் இருக்கு, விஜயகாந்த் திருமங்கலத்துல பிறந்தவர். இதுல டி.எம்.எஸ்.ஸைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. அவரும் மதுரைக்காரர். அப்ப அவருக்கு சினிமாவுல பாட்டுக் குறைஞ்சு போயிருந்த நேரம். எம்ஜிஆர் படத்துப் பாட்டைக் கேட்டு வளர்ந்த எங்க அய்யா, களத்துல நெல்லுத் தூத்திக்கிட்டு இருந்தவர், முறத்தைக் கீழ வச்சிட்டு "இது நம்ம ஆளு குரல்ல?"ன்னார். அண்ணன் மைக் செட்டை அய்யாவுக்குப் பிடிக்காது, உருப்படாத தொழில்னு தினமும் திட்டு விழும். அன்னைக்குத் திட்டலை. இன்னொரு தடவை போடச் சொன்னார்.

செந்தூரப்பூவே 1988. இதுல கேப்டன் சௌந்தரபாண்டியன்னு விஜயகாந்துக்குப் பேரு, ராம்கியும் நிரோஷாவும் ஜோடி. மூணுல எனக்கு ஒண்ணு மட்டும் வச்சுக்கன்னு சொன்னா இதைத்தான் வச்சுக்குவேன். முதல் ரெண்டுலயும் மிஷின் சத்தம் துருத்திக்கிட்டு இருக்கும். இதுல மண்ணுல உரம் சேர்ந்த மாதிரி பாட்டோட கலந்து போச்சு. தலைப்புப் பாட்டு ராத்திரி கேட்க வேண்டிய பாட்டு. பகல்ல கேட்டா பாதிதான் கிடைக்கும்.

1989ல தாய்நாடு. படமும் பாட்டும் எனக்கு அவ்வளவா ஒட்டலை.

1990ல இணைந்த கைகள். 'அந்தி நேரத் தென்றல் காற்று' இல்லாத தாலாட்டு லிஸ்ட் எங்க பக்கம் கிடையாது. அந்தக் கேசட்டுல பார்த்தா இசை ஞான் வர்மான்னு ஒத்தைப் பேர். படத்துக்குப் பேரு இணைந்த கைகள், இசையில ஒரு கைதான் இருக்கு. அண்ணன் கேசட் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மனோஜ் எங்கடா?"ன்னார். அப்புறம் 1999ல விஜய் நடிச்ச என்றென்றும் காதல் படத்தை மனோஜ் பட்நாகர் தானே எழுதி, இயக்கி, இசையும் போட்டார். அதுல ஞான் இல்ல.

ரெண்டு பேரும் தனியாப் போட்டதும் நல்லாத்தான் இருக்கு. ஆனா சேர்ந்து போட்டதுல எது யாரோட வேலைன்னு 35 வருசமாக் கேட்டும் என்னால பிரிக்க முடியலை. எங்க நிலத்தையும் 1998ல பாகம் பிரிச்சோம். வரப்புப் போட்டாச்சு. ஆனா கிணறு கூட்டுக் கிணறுதான், மூணு நாள் அண்ணன் முறை, மூணு நாள் என் முறை. மேட்டுல அய்யாவோட அண்ணனும் நானும் வெட்டின வாய்க்கால்ல எது அவர் வெட்டினது, எது நான் வெட்டினதுன்னு இன்னைக்குக் கேட்டா ரெண்டு பேருக்குமே சொல்லத் தெரியாது.

இப்ப இந்தப் பதிவு எழுதக் காரணத்துக்கு வாரேன். அண்ணனுக்குக் காது மந்தமாயிருச்சு. இருபது வருசம் ஆம்ப்ளிஃபயர் பக்கத்துலயும் குழாய்க்குக் கீழயும் நின்ன காது. மதுரையில காட்டினோம். சத்தத்துல கெட்ட காதுக்கு முதல்ல மேல் சத்தந்தான் போகுமாம், கீழ்ச் சத்தம் இருக்குமாம். போனது திரும்ப வராது, மெஷின் வச்சுக்கலாம்னு டாக்டர் சொன்னார். அண்ணன் "மாடு கத்துறது கேக்குது, அது போதும்"னுட்டார். மதனிதான் கவலைப்படுறாங்க. பின்னாடி பஸ் ஹாரன் அடிச்சா தெரிய மாட்டேங்குதுன்னு ரோட்டுக்கு விடுறதே இல்ல.

போன மாசம் மோட்டார் ரூம்ல என் போன்ல செந்தூரப்பூவே போட்டேன். அண்ணன் பக்கத்துல குத்த வச்சு உட்கார்ந்து கேட்டார். பாட்டு முடிஞ்சதும், "யாரோ புதுசாப் பாடியிருக்காங்களாடா? மணிச் சத்தம் எல்லாம் எடுத்துட்டாங்களே"ன்னார். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. அதே பாட்டுத்தான், அதே ஆளுகதான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், "அப்ப மெஷின் வச்சா அது கேக்குமா?"ன்னு கேட்டார். பஸ்ஸுக்காக வைக்காத மெஷினை மனோஜ்-ஞானுக்காக வைக்கலாமான்னு யோசிக்கிறார். அடுத்த வாரம் மதுரைக்குப் போறோம். டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டு எழுதுறேன். உங்க வீட்டுல பெரியவங்களுக்கு மெஷின் வாங்கின அனுபவம் இருந்தா, எது நாளைக்கு உழைக்கும், என்ன செலவாச்சுன்னு எனக்குச் சொல்லுங்க.

பட்டணத்துல இருக்கிற உங்களுக்கு ஒரு யோசனை. இந்த மூணு படத்துப் பாட்டையும் ஹெட்செட்டுல, ரெண்டு காதுலயும் மாட்டிக் கேளுங்க. நான் ராத்திரி தண்ணி பாய்ச்சுறப்ப ஒரு காதுலதான் மாட்டுவேன், இன்னொரு காது பாம்புக்கும் மோட்டாருக்கும் வேணும். ஒரு காதுல மட்டும் கேட்டா சில சத்தம் வரவே வராது, அது மறுபக்கத்துல இருக்கும். குழாய்ல நாங்க கேட்காத அடிச் சத்தமும் அதுல உண்டு. கேட்டுட்டு, யாராவது "ராஜா பாட்டு சூப்பர்"னு சொன்னா, மரியாதையா ரெண்டு பேரைச் சொல்லுங்க. மனோஜ், ஞான்.

மறுபடியும் தண்ணி முறை நாளைக்கு. காலையில மூணு மணிக்கு த்ரீ பேஸ் வரும். வாரேன்.