படிவத்தில் இல்லாத கூடை

பெரும் நிவாரண நிறுவனமொன்றில் பணியாற்றியவர் என்று நம்மைப் பிறருக்கு அறிமுகப்படுத்தும் நண்பர்கள், உடனே குரலைச் சற்றுத் தாழ்த்திக் கொள்வதுண்டு. வெள்ளத்தில் நீந்திக் குழந்தைகளைக் கரை சேர்த்தவர் என்று எண்ணிவிடுகிறார்கள் போலும்! உண்மை அதுவன்று. நாம் அங்கே எழுத்தர். நாம் சுமந்தவை பேரேடுகளே.

2004 டிசம்பர் 26-இல் எழுந்த ஆழிப் பேரலைக்குத் தமிழகத்தில் மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது நாகப்பட்டினம் மாவட்டம். அடுத்த மாதம் நாம் அங்குப் போய்ச் சேர்ந்தோம். கண்ணில் முதலிற் பட்டவை துணிக் குவியல்கள். எங்கெங்கிருந்தோ அன்பர்கள் அனுப்பிய பழந்துணிகள் சாலையோரங்களில் வெயிலுக்கும் பனிக்கும் இரையாகிக் கிடந்தன. உழைத்து உண்டு பழகிய மீனவ மக்கள் அவற்றைத் தொடவும் கூசினர். அனுப்பியோர் நல்லெண்ணத்தில் குறையில்லை. தேவை யாதென எவரும் கேட்கவில்லை, அவ்வளவே.

கேட்டு, அளந்து, எழுதிய பின்னரே வழங்குவது பெரிய நிறுவனங்களின் வழக்கம். 1994-இல் ருவாண்டாவிலிருந்து கோமாவுக்கு ஓடிவந்த அகதிகளுள் பல்லாயிரவர் முகாம்களிலேயே காலராவுக்குப் பலியாயினர். அக்கொடுமை தந்த படிப்பினையால் 1997-இல் தொடங்கப் பெற்றதே ஸ்ஃபியர் திட்டம். ஆளொன்றுக்கு நாள்தோறும் குறைந்தது 15 லிட்டர் நீர், 250 பேருக்கு ஒரு குழாய், தங்குமிடத்தில் தலைக்கு 3.5 சதுர மீட்டர் என்று அது வரையறுத்தது. தாகத்திற்கும் தராசா என்று முதலில் நமக்கு நகைப்பே உண்டாயிற்று. தண்ணீர் லாரி வந்து நின்றதும் வலியவர் குடங்கள் முந்திக்கொள்ள, மூதாட்டி ஒருவர் வெறுங்குடத்துடன் திரும்பியதைக் கண்ட அன்றே அந்நகைப்பு நின்றது.

ஆனால் வாழ்வாதார இழப்பைப் பதியும் படிவம் நம் கைக்கு வந்தபோது கதை வேறாயிற்று. படகு, இயந்திரம், வலை என மூன்று கட்டங்கள் அதில் இருந்தன. ஒரு நாள் நம் மேசை முன் வந்து நின்ற அம்மையாருக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் காலமாகிப் பல்லாண்டுகள் ஆயினவாம். மூன்று கட்டங்களிலும் "இல்லை" என்று எழுதினோம்.

"போட்டு வச்சிருந்தவங்ககிட்ட மட்டுந்தான் கடலு எடுத்துச்சா, தம்பி?" என்றார் அவர்.

கரையில் மீனை ஏலத்தில் எடுத்து, தலைச்சுமையாய் ஊரூராய்க் கொண்டு விற்றவர் அவர். அன்னக்கூடை, தராசு, முதலுக்கென முடிந்து வைத்திருந்த பணம் ஆகிய யாவும் போயின. வட்டிக்கு வாங்கிய கடன் மட்டும் மிஞ்சியிருந்தது. படிவத்தின் ஓரத்தில் அதையெல்லாம் எழுதி அனுப்பினோம். படிவத்தில் இல்லாத இனத்திற்குத் தொகை வழங்க இயலாது என்று மேலிடத்திலிருந்து திரும்பி வந்தது. மீண்டும் எழுதினோம், மூன்றாம் முறையும் எழுதினோம். நம் கைப்பணத்திலிருந்து அவருக்கு ஓர் அன்னக்கூடை வாங்கித் தந்திருக்கலாமே என்று வாசக அன்பர்கள் வினவக்கூடும். ஊழியர் எவரும் தனிப்பட எதுவும் கொடுக்கலாகாது என்பது விதி. அவ்விதிக்கும் நியாயம் உண்டு. எனினும் அன்று நம்மைத் தடுத்தது விதியா, விதியின் நிழலில் கிடைத்த சௌகரியமா என்பதற்கு இன்றும் நம்மிடம் நேர்மையான விடையில்லை.

கோடையில் புதுப் படிவம் வந்தது. "மீன் விற்கும் பெண்டிர்" என நான்காவதாக ஒரு கட்டம்! பட்டியலின் தலைப்பில் அந்த அம்மையார் பெயரையே எழுதினோம். வழங்கும் நாளில் அவர் வரவில்லை. கடன்காரரின் நெருக்குதல் தாளாமல் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றனர் அக்கம்பக்கத்தார். எந்த ஊர் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. ஏனைய பெண்கள் ஒவ்வொருவராய் வந்து கைரேகை வைத்துப் பெற்றுச் சென்றனர்.

ஆண்டிறுதியில் வந்த தணிக்கையாளர் முதல் வரியில் கைரேகை இல்லாததைச் சுட்டிக்காட்டி, பெறாதவர் பெயர் பட்டியலில் நிற்கலாகாது என்றார். அவர் கூற்றில் பிழையில்லை. அளவுகோலை வைத்துச் சிவப்பு மையால் அப்பெயரின்மேல் நாமே கோடிழுத்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் இட்டோம்.