எரிந்து தீரவேண்டிய தாள்

எழுதியதைக் காப்பதற்கென்றே தாள் இருக்கிறது என எண்ணிப் பழகியவர்கள் நாம். சுவடின்றி எரிந்துபோவதற்காகவே செய்யப்பட்ட தாளைப் பற்றி அண்மையில் வாசித்தபோது சற்றே திகைத்தோம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-1865) புழங்கிய கோல்ட் ரிவால்வருக்கு ஆறு அறைகள். வெடிமருந்தையும் ஈயக்குண்டையும் தனித்தனியே இட்டு நிரப்பும் நிதானம் போர்க்களத்தில் வாய்ப்பதில்லை. ஆகவே இரண்டையும் மெல்லிய தாளில் ஒன்றாகப் பொதிந்தார்கள். அறையின் பின்புறம் பொருத்திய செப்புத் தொப்பியின் சிறு பொறி, தாளைக் கடந்து மருந்தை எட்டவேண்டும். சுட்டபின் கனலும் துணுக்கு ஒன்றுகூட எஞ்சலாகாது. எஞ்சினால் அடுத்த மருந்து நிரப்பும்போதே பற்றிக்கொள்ளக்கூடும். அதனால் தாளை வெடியுப்பு நீரில் தோய்த்து உலர்த்தினார்கள். முழுதாக எரிந்து தீர்வதே நல்ல தோட்டாவின் இலக்கணம்.

அப்போரில் துப்பாக்கிகளுக்கான தாள் தோட்டாக்களைச் சுருட்டும் வேலையில் ஏராளமான பெண்கள் இருந்தனர். பிட்ஸ்பர்க்கின் அலெகெனி ஆயுதச்சாலையில் 1862 செப்டம்பர் 17 அன்று நேர்ந்த வெடிவிபத்தில் 78 பேர் மாண்டனர், பெரும்பாலோர் இளம்பெண்கள். பலரை அடையாளம் காணவே இயலவில்லை. 1864 ஜூன் 17 அன்று வாஷிங்டன் ஆயுதச்சாலையில் மேலும் 21 பெண்கள். அவர்களது இறுதிச் சடங்குக்கு லிங்கனே வந்திருந்தார்.

புறநானூறு நடத்துகையில் வேல் வடிக்கும் கொல்லனைப் பற்றி ஆண்டுதோறும் பேசுகிறோம். அவன் கையை அவ்வேல் என்ன செய்திருக்கும் என்று இதுவரை நாம் கேட்டதில்லை. இவ்வாண்டு கேட்கவேண்டும்.