தரிசில் விளைந்த ரேஷன்

ஹைதராபாத்திலிருந்து மும்பை நெடுஞ்சாலையில் சுமார் 100 கி.மீ. போனால் ஜஹீராபாத். தெலங்கானாவின் இந்த வறண்ட மேட்டு நிலம் வானம் பார்த்த பூமி. சோளம், தினை, துவரை எல்லாம் ஒரே வயலில் கலந்து நிற்கும். ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும் என்பது பழைய கணக்கு.

அந்தக் கணக்கைக் குலைத்தது அரிசி. 1983-ல் என்.டி. ராமராவ் அரசு கிலோ 2 ரூபாய்க்கு அரிசி வழங்கியது. பசி தணிந்தது உண்மை. ஆனால் அரிசி வெளியூரிலிருந்து வந்தது. உள்ளூர்ச் சோளத்துக்கு மவுசு குறைந்தது, நிலங்கள் தரிசாயின, கூலி வேலையும் சுருங்கியது.

பஸ்தாபூரில் இயங்கும் டெக்கான் டெவலப்மென்ட் சொஸைட்டியின் கிராமச் சங்கங்களில் சேர்ந்த தலித் பெண்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1990-களின் நடுவில் அவர்கள் தொடங்கியது சொந்த ரேஷன். தரிசு வைத்திருந்த சிறு விவசாயிக்கு உழவுக்கும் எருவுக்கும் விதைக்கும் முன்பணம் கிடைத்தது. கடனை அவர் சோளமாகத் திருப்பித் தர வேண்டும். அந்தத் தானியம் ஊரிலேயே சேமிக்கப்பட்டு, ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் போனது. யார் ஏழை என்று தீர்மானித்ததும் ஊர்க்காரர்களே. தரிசு உழப்பட்டபோது கூலி வேலையும் திரும்பியது.

2019-ல் இந்தப் பெண்களின் பணிக்கு ஐ.நா.வின் ஈக்குவேட்டர் பரிசு கிடைத்தது. 2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டானது. இன்று நகரத்துக் கடைகளில் தினை பளபளக்கும் பாக்கெட்டில் விற்கிறது. நல்லதுதான். ஆனால் விளைந்த ஊரின் அடுப்பில் அது முதலில் ஏற வேண்டும். ஜஹீராபாத்தின் பாடம் அதுவே.