தாத்தாவின் முறை

அந்த வீட்டாரிடம் நான் ஒரு குளிர்காலத்தில் பல நாள் பொய் சொன்னேன். தொட்டியில் இறங்காமலே, இறங்கிக் குளித்ததாகச் சொன்னேன்.

வீடு ஜப்பானில், நாகானோ மாநிலத்துக் கிசோ பள்ளத்தாக்கில். இசே கோயிலைப் புதுப்பிக்க மரம் கொடுத்த பள்ளத்தாக்கு அது. அந்த ஹினோக்கி மரத்தில்தான் வீட்டுக் குளியல் தொட்டியும். வெந்நீர் நிரம்பியதும் மரவாசனை நடைவரை வரும்.

அங்கே யாரும் தொட்டிக்குள் அழுக்குத் தேய்ப்பதில்லை. வெளியே சின்ன முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு, நுரை துளியும் மிஞ்சாமல் ஊற்றிக் கழுவிய பிறகே இறங்குவார்கள். கழுத்துவரை தண்ணீர், 41, 42 டிகிரிச் சூடு. எழுந்தவர் மூடியைப் போட்டு, சூடு ஆறாமல் அடுத்தவருக்கு விட்டுவருவார். வீட்டுக்கே ஒரே தண்ணீர். மிச்சமானதை மறுநாள் வாஷிங் மெஷினுக்கு ஏற்றுவார்கள்.

வந்த அன்று விருந்தாளி என்று என்னை முதலில் அனுப்பினார்கள், இறங்கினேன். பிறகு வீட்டுப் பிள்ளையாகிவிட்டேன். தாத்தா, அப்பா, அடுத்து நான். அன்றிலிருந்து என்னால் இறங்க முடியவில்லை. வெளியே உட்கார்ந்து ஊற்றிக்கொண்டு, "நல்ல சூடு" என்று சொல்லியபடி வருவேன்.

சுத்தம் பார்த்தேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். ஆடிப்பெருக்கில் ஆயிரம் பேரோடு காவிரியில் முங்கியவன் நான். இங்கே இருந்தது சோப்புப் போட்டுக் கழுவிய இரண்டு பேர் உட்கார்ந்த தண்ணீர். என்னைத் தடுத்தது அருவருப்பு. எந்தக் குளத்தில் யார் இறங்கலாம், யாருக்கு எந்தத் தம்ளர் என்று வகுத்து வைத்த ஊரில் வளர்ந்தவனின் அருவருப்பு. அதை விட்டொழித்தேன் என்று மேடையில்கூடப் பேசியிருக்கிறேன். என்னைப் பிள்ளையாக ஏற்ற மனிதர்களின் உடம்புமேல் அது திரும்பி வந்தது.

அந்த வீட்டு அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சூட்டில் கிடந்து எழுந்தவர் மேலெல்லாம் ஆவி பறக்க வருவார். நான் நடுங்கிக்கொண்டு வந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் மாலை, "இனி நீங்கள் முதலில் போங்கள். புது வெந்நீர் வயதானவர்களுக்கு ஆகாது" என்றார். அங்கே பெரியவர்கள் வழக்கமாகச் சொல்வதுதான். ஆனாலும் அதுவரை தாத்தாதான் தினமும் முதலில் இறங்கியவர். எனக்காகத்தான் முறை மாறியது என்று அந்தக் கணமே புரிந்தது. "வேண்டாம், தாத்தாவே போகட்டும்" என்று சொல்லியிருக்க வேண்டும். நன்றி சொல்லிவிட்டுப் போய் இறங்கினேன். புதுத் தண்ணீரில் சுகமாகவும் இருந்தது.

டிசம்பரில், ஆண்டிலேயே பகல் குறுகிய நாளில், யூசு என்ற நார்த்தை வகைப் பழத்தை வெந்நீரில் மிதக்கவிட்டுக் குளிப்பார்கள். தாத்தாவே கடைக்குப் போய்ப் பழம் வாங்கிவந்தார். அன்றைக்கும் நான்தான் முதலில். அவர் குளித்து உடுத்தும் யுகாத்தா அங்கியோடு நடையில் காத்திருந்தார். நான் வெளியே வந்ததும் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். நான் மறுத்த காரியத்தை அவர் ஒரு சுணக்கமும் இல்லாமல் செய்தார்: இன்னொருவன் கிடந்து எழுந்த தண்ணீரில் இறங்கினார்.

அவர் இப்போது இல்லை. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அந்த வீட்டுக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறேன். இதைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. அந்த அம்மா இருக்கிறார். அவருடைய மொழியில் இதையெல்லாம் எழுதி அனுப்புவது இன்னும் பாக்கி.