தாழ்த்திய காரும் புதூர் சாலையும்

திருச்சி ஜங்ஷனுக்குத் தெற்கே எடமலைப்பட்டி புதூர். அதைத் தாண்டினால் பஞ்சப்பூர். 2025 மே மாதம் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்ட இடம். பஸ்ஸும் டூவீலரும் நெருக்கியடிக்கும் இந்தப் பக்கம், ஸ்பிரிங் மாற்றித் தாழ்த்திய கார் வந்தால்?

அடாப்டிவ் சஸ்பென்ஷன் காரில், சக்கரத்தருகே உள்ள சென்சார்தான் உயரத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. கார் 3 செ.மீ. தாழ்ந்தால், பாரம் ஏறிவிட்டதாக அது எடுத்துக்கொள்ளும். ஹெட்லைட் கோணமும் பிசகலாம். எதிரே வருபவருக்குக் கண் கூசும்.

எனவே காரைச் சமதளத்தில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு பக்கமும் அளந்து, ஸ்கேனர் மூலம் புதிய உயரத்தைப் பதிய வேண்டும்.

வேகத்தடைக்கு இந்திய சாலை காங்கிரஸ் சொல்லும் உயரம் 10 செ.மீ. கம்ப்யூட்டரைச் சமாதானப்படுத்தலாம், வேகத்தடையை முடியாது!