நகையில் படாமல் பூசவும்

செப்டம்பர் 12, 2025, வெள்ளி
துபாய், அல் குசைஸ்

அரைநாள் பள்ளி. ஆறாம் வகுப்புக்காரியின் பையில், டிபன் டப்பாவுக்கு அடியில் ரெட்டினால் சீரம். தோழி கொடுத்ததாம். சுருக்கம் போக்குகிற சரக்கு பதினோரு வயசுக்கு எதற்கு? கன்னம் செதில் செதிலாக உரிந்திருக்கிறது, வெயில் பட்டால் எரிகிறதாம். இந்த ஊரில் வெயில் படாமல் பள்ளிப் பேருந்து ஏற முடியுமா! பிடுங்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். ஸ்வீடனில் ஒரு பெரிய மருந்துக்கடை நிறுவனம் 2024 முதலே இதையெல்லாம் 15 வயதுக்குக் கீழே தன்னிஷ்டத்துக்கு வாங்க விடுவதில்லை என்று வாசித்தும் காட்டினேன்.

செப்டம்பர் 13, சனி

“நீ பூசுறதுல என்ன இருக்குன்னு படிச்சியாம்மா?” கேட்ட தோரணை பிடிக்கவில்லை. ஆனாலும் படித்தேன். தேராவில் வாங்கிய சிவப்பழகு கிரீம், நாலு மாசமாகப் பூசுகிறேன். என்னென்ன சேர்ந்தது என்ற விவரமே டப்பாவில் இல்லை. அடியில் ஒரு வரி மட்டும்: தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும்.

நாகர்கோவிலில் ஆச்சி வீட்டுக்கு எதிரே ஆசாரி பட்டறை. உடைந்த தெர்மாமீட்டரிலிருந்து உருண்ட பாதரசத்தை ஒருநாள் அங்கே கொண்டுபோனேன். “ரசம் பட்டா பொன்னு வெளுத்துரும், தூரப் போ மக்ளே” என்று விரட்டினார். தோலில் கருநிறம் ஊறுவதைத் தடுப்பதும் அதே பாதரசம்தான். அதனால்தான் களவாக இந்த கிரீம்களில் கலக்கிறார்கள்.

பதிவான பொருள்களைக் காட்டும் துபாய் மாநகராட்சியின் மொந்தாஜி செயலியில் தேடினேன். என் கிரீமின் பெயர் இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

அடுத்த வீட்டு மலப்புரத்துச் சேச்சிக்கு டப்பாவைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. அவர் ஊர்ப்பக்கம் கோட்டக்கல் மருத்துவமனையில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு ஓர் அபூர்வ வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். பதினான்கு வயதுப் பிள்ளை ஒருத்தியும் அதில் உண்டு. நான் சீரத்துக்கு வாசித்த நியாயம் நினைவுக்கு வந்தது.

செப்டம்பர் 16, செவ்வாய்

பாதரசம் இருந்தால் அது பூசியவளோடு நிற்காதாம். துண்டு, தலையணை உறை, கட்டிப்பிடிப்பது எல்லாமே வழி என்றார் டாக்டர். இவள் தினமும் என் துண்டில்தான் முகம் துடைக்கிறாள். வீட்டில் மூன்று பேருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்.

டப்பாவை ஜிப் பையில் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தேன். நாற்காலி போட்டு ஏறி ஃப்ரிட்ஜ் மேலிருந்த சீரத்தை எடுத்து வந்தாள்.

“இதுவும் அதே பையிலயாம்மா, வேற பையா?”