நாலாயிரம் போதுமாக்கா?

தையல் தொழில் தொடங்க நாலாயிரம் போதுமா என்று கேட்டாள் எங்கள் தெருப் பெண் ஒருத்தி. மரக்காணம் உப்பளத்துக்குப் போகிறவள். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாத்தியில் வேலை கிடையாது, கூலியும் கிடையாது.

அவளுக்குச் சுனாமிகா கதையைச் சொன்னேன். 2004 டிசம்பர் 26 சுனாமி அலைக்குப் பிறகு நம் கரையோர மீனவப் பெண்கள் கையில், ஆரோவில் உபாசனா நிறுவனத்தின் உமா பிரஜாபதி கொடுத்த மூலப்பொருள் என்ன தெரியுமா? ஆடை வெட்டியதில் மிஞ்சிய துண்டுத் துணி. அதில் சுனாமிகா என்ற விரலளவுப் பொம்மை செய்தார்கள். விலையே போடவில்லை, பரிசாகக் கொடுத்தார்கள், நன்கொடையில்தான் அது ஓடியது. நமக்கு அது சரிப்படாது. (மளிகைக்கடை அண்ணாச்சி பொம்மைக்கு அரிசி தருவாரா?) ஆனால் சரக்குக்குக் காசு போடாத அந்தப் புத்தி இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளலாம்.

நானும் தையல்கடை மிச்சத் துணியில்தான் சுருக்குப்பை தைக்க ஆரம்பித்தேன். அங்கே மிச்சம் பிடித்ததைப் பெயர்ப்பலகையில் விட்டேன், ஆயிரத்து இருநூறு ரூபாய்! ஆறு மாத நூல் வாங்கியிருக்கலாம். அந்தப் பலகை இப்போது கோழிக்கூண்டுக்குக் கூரை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பழைய மிஷின் ஒன்றைப் பார்க்கப் போகிறோம். மிதித்துப் பார்க்காமல் முன்பணம் தரக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.